ஓர் எழுத்தைத் திருத்த இத்தனை பாடா?

வாசகர் கேள்வி:

"வணக்கம் ஐயா. கோலாலம்பூரில் ஓர் அச்சகத்தில் பல வருடமாகப் பிழை திருத்துகிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் மலர், பள்ளிப் பயிற்சி நூல் என்று தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் பார்ப்பேன். நிரல் எழுதத் தெரியாது. அண்ணன் மகன் என் மடிக்கணினியில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தான். கூடவே வந்த கையேடுகளைப் படித்தால் எழுத்துப்பிழைகள் கண்ணை உறுத்துகின்றன. திருத்தி அனுப்பலாமே என்றேன். அவன் ஏதோ ஒரு கருவியை ஓட்டி, நாற்பதுக்கும் மேற்பட்ட கோப்புகளில் திருத்தம் செய்து என் பெயரில் அனுப்பிவிட்டான். மறுநாளே 'நன்றி, இதை ஏற்பதற்கில்லை' என்று ஒரு வரி போட்டு மூடிவிட்டார்கள். 'இதெல்லாம் பங்களிப்பே இல்லை அத்தை, கோட் எழுதினால்தான் மதிப்பு' என்கிறான் இப்போது. பிழையைப் பிழை என்று சொன்னது தப்பா? என்னைப் போன்றவர்களுக்கு அங்கே இடம் உண்டா? தமிழ்ப் பக்கங்களிலும் செய்யலாமா? சொந்தப் பெயர், ஈமெயில் எல்லாம் கொடுக்க வேண்டுமா? கொஞ்சம் பயமாக இருக்கிறது."

வாசகி, செந்தூல்

பதில்:

சகோதரிக்கு வணக்கம்.

உங்களுக்கு அங்கே இடம் உண்டு. நிறையவே உண்டு. ஆனால் அந்த நாற்பது கோப்புகளைத் திருப்பி அனுப்பியவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் புரிந்துகொண்டால் அடுத்த முறை நீங்கள் அனுப்புவதை ஏற்பார்கள். நான் பினாங்கில், பாயான் லெப்பாஸ் பக்கம், மென்பொருள் கையேடு எழுதும் வேலை பார்க்கிறவன். எங்கள் கையேடுகளில் சில ஓப்பன் சோர்ஸாக, யாரும் பார்த்துத் திருத்தம் அனுப்பும்படி, வெளியில் இருக்கின்றன. யார் யாரோ அனுப்பும் திருத்தங்களைப் பார்த்து ஏற்பதும் மறுப்பதும் என் அன்றாட வேலை. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலில் உங்கள் அண்ணன் மகன் சொன்னதைப் பார்ப்போம். கையேடு யாருக்காக எழுதப்படுகிறது என்று யோசித்தால் அவன் பேச்சு எடுபடாது. நம் ஊரில் தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் படித்து, இடைநிலைப்பள்ளியில் மலாயில் படித்து, அப்புறம் பாலிடெக்னிக்கில் சேர்ந்து முதன்முறையாக ஒரு முழு ஆங்கிலக் கையேட்டோடு தனியாக உட்காரும் பையனை நினைத்துப் பாருங்கள். ஆங்கிலம் அவனுக்கு மூன்றாவது மொழி. ஆங்கிலத்திலேயே வளர்ந்தவர் பிழையான சொல்லைப் பார்த்தால் மனசுக்குள் சரிசெய்துகொண்டு மேலே போய்விடுவார். இவனுக்கு அது பிழையா, தனக்குத் தெரியாத கலைச்சொல்லா என்று பிரித்துப் பார்க்க வழி இல்லை. அகராதியில் தேடுவான், கிடைக்காது. கடைசியில் தன் ஆங்கிலம்தான் மோசம் என்று முடிவு கட்டிவிடுவான். எங்களிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம் இதை நான் அடிக்கடி பார்க்கிறேன். அவர்களுக்காகவே இந்த வேலையை யாராவது செய்தாக வேண்டும்.

இன்னொரு வகைப் பிழை இதைவிட மோசம். ஆங்கிலத்தில் 'நவ்' என்பதற்கும் 'நாட்' என்பதற்கும் கடைசி எழுத்து மட்டும்தான் வித்தியாசம். ஒன்றில் டபிள்யூ, மற்றதில் டி. 'இந்த வசதி இப்போது உண்டு' என்று எழுத வந்தவர் விரல் தவறினால் 'இந்த வசதி இல்லை' என்று ஆகிவிடும். இரண்டும் அகராதியில் உள்ள சொற்கள் என்பதால் சொல்லை மட்டும் பார்க்கும் கருவி எதுவும் இதைப் பிடிக்காது. 'ஃபிரம்' என்பதில் இரண்டு எழுத்து இடம் மாறி 'ஃபார்ம்' ஆகிப்போவதும் இதே கதைதான். வரியைப் பொருளோடு படித்து, 'மேலே ஒன்று சொல்லிவிட்டு இங்கே வேறு சொல்கிறாரே' என்று நிறுத்துகிற கண் வேண்டும். அது உங்களிடம் இருக்கிறது. நிரல் எழுதுகிறவர்கள் பலரிடம் இல்லை, ஏனென்றால் அவர்களுக்கு விஷயம் முன்பே தெரியும். தெரிந்த விஷயத்தைப் படிக்கும்போது கண் எழுத்தைப் பார்ப்பதில்லை.

பெரிய ஆட்கள் இதை எப்படி மதித்திருக்கிறார்கள் என்பதையும் அவனிடம் சொல்லுங்கள். கணினி அறிவியலில் பெரும்பெயர் பெற்ற டொனால்ட் க்னூத், தன் புத்தகங்களில் அச்சுப்பிழை உட்பட எந்தப் பிழையை முதலில் காட்டினாலும் 2.56 அமெரிக்க டாலர் பரிசு என்று அறிவித்து, காசோலையே எழுதி அனுப்பிவந்தார். லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலின் மூல நிரலுக்குள்ளேயே, வழக்கமாக நேரும் எழுத்துப்பிழைகளின் பட்டியல் ஒன்று தனிக் கோப்பாக இருக்கிறது. புதிதாக வரும் திருத்தங்களைச் சோதிக்கும் நிரல் அதையும் பார்த்துத்தான் எச்சரிக்கை கொடுக்கிறது. வலைத்தளம் கட்ட உதவும் ஜாங்கோ என்ற மென்பொருள் திட்டத்தில் மற்ற மாற்றங்களுக்கு முறைப்படி ஒரு டிக்கெட், அதாவது கோரிக்கைப் பதிவு, திறக்க வேண்டும். எழுத்துப்பிழை போன்ற சில்லறைத் திருத்தத்துக்கு அது வேண்டாம், நேரே அனுப்பலாம்.

சரி, அப்படியானால் ஏன் மூடினார்கள்?

நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு வரியையும் அந்தப் பக்கம் ஒரு மனிதர் படிக்க வேண்டும். பெரும்பாலும் சம்பளமில்லாமல், ராத்திரியில், சொந்த வேலை முடிந்தபிறகு படிக்கிறவர். எழுத்துப்பிழைதானே என்று கண்ணை மூடிக்கொண்டு ஏற்கவும் முடியாது. 2024இல் எக்ஸ்இஸட் என்ற, கோப்புகளைச் சுருக்கும் மென்பொருளில், திருத்தங்களை ஏற்கும் பொறுப்புள்ள பராமரிப்பாளராகவே உள்ளே வந்துவிட்ட ஒருவர் வைத்த கள்ளக்கதவு வெளிப்பட்டது. அதே ஆள் வேறொரு கோப்பில் ஒரே ஒரு முற்றுப்புள்ளியைச் செருகியிருந்தார். அந்தப் புள்ளியால் ஒரு சோதனை எப்போதும் தோற்று, அந்தக் கோப்பைக் கொண்டு கட்டப்படும் மென்பொருளில் ஒரு பாதுகாப்பு வசதி சத்தமில்லாமல் அணைந்துபோனது. ஓர் எழுத்துத் திருத்தம் என்றாலும் உற்றுப் பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. நாற்பது கோப்பு வந்தால் நாற்பதையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். அவற்றில் பல கோப்புகளை வேறு யாரோ அதே நேரத்தில் மாற்றிக்கொண்டிருப்பார்கள். உங்களுடையதை ஏற்றால் அவர்களுடையது முட்டிக்கொண்டு நிற்கும்.

இன்னொரு பழைய காயமும் உண்டு. டிஜிட்டல்ஓஷன் நிறுவனம் 2014 முதல் ஒவ்வோர் அக்டோபரிலும் ஹேக்டோபர்ஃபெஸ்ட் என்று ஓப்பன் சோர்ஸ் பங்களிப்பு மாதம் நடத்திவருகிறது. சில புல் ரிக்வெஸ்ட், அதாவது 'என் திருத்தத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்' என்ற கோரிக்கை, அனுப்பினால் டி-ஷர்ட் என்ற அறிவிப்பு இருந்தது. 2020இல் அந்த டி-ஷர்ட்டுக்காக ஆயிரக்கணக்கானோர், கையேட்டில் ஒரு சொல்லைச் சேர்த்தும் நீக்கியும் குப்பையாக அனுப்பித் தள்ளினார்கள். பராமரிப்பாளர்கள் கொதித்துப்போக, மாதத் தொடக்கத்திலேயே விதி மாறியது. விருப்பம் தெரிவித்த திட்டங்களுக்கு அனுப்பினால் மட்டுமே கணக்கு என்றாயிற்று. முன்பின் தெரியாத ஒரு பெயரிலிருந்து கருவி செய்த மாதிரியான திருத்தம் மொத்தமாக வந்தால், அன்று பட்டவர்களுக்கு அதுதான் நினைவுக்கு வரும். உங்களைத் தனியாகக் குறிவைத்து எழுதிய வரி அல்ல அது. மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

பல சர்வர்களில் ஓடும் மென்பொருளை நிர்வகிக்கும் குபர்நெட்டீஸ் திட்டத்தின் வழிகாட்டி இதைப் பண்பாகச் சொல்கிறது: ஒரு சொல்லை மட்டும் திருத்தி அனுப்புவதைவிட, அந்தக் கோப்பு முழுவதையும் படித்துப் பாருங்கள், ஒரு பிழை இருந்தால் இன்னும் சில இருக்கத்தான் செய்யும். எனக்கு இதைவிட நல்ல அறிவுரை தெரியவில்லை. நாற்பது கோப்பில் கோப்புக்கொரு சொல் வேண்டாம். ஒரு பக்கத்தை எடுத்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, அச்சுக்குப் போகிற படியைப் பார்ப்பதுபோல் பார்த்து, அந்த ஒன்றை மட்டும் அனுப்புங்கள். ஏற்பவருக்கு ஐந்து நிமிட வேலை. அடுத்த முறை உங்கள் பெயரைப் பார்த்ததும் நம்பிக்கையோடு திறப்பார்.

இனி, எதைத் தொடக்கூடாது என்பது. இதில்தான் அச்சகத்துப் பழக்கம் உங்களைக் காலைவாரும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பிழைபோலத் தெரிகிற பல விஷயங்கள் கணினியில் பெயர்கள். லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸில் கோப்பு உருவாக்கும் ஓர் அழைப்பின் பெயர் 'கிரியேட்'. ஆனால் ஆங்கிலத்தில் கடைசியில் வர வேண்டிய 'ஈ' அதில் இருக்காது. யூனிக்ஸை மறுபடி செய்தால் எதை மாற்றுவீர்கள் என்று அதை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சனிடம் கேட்டபோது, அந்த 'ஈ'யைச் சேர்ப்பேன் என்றாராம். ஆனால் இன்று வரை சேரவில்லை, சேரவும் முடியாது. லட்சக்கணக்கான நிரல்கள் அந்தப் பெயரை அப்படியே கூப்பிடுகின்றன. இணைய உலாவி, 'எந்தப் பக்கத்திலிருந்து வருகிறேன்' என்று சர்வருக்குச் சொல்லும் 'ரெஃபரர்' என்ற தலைப்பிலும் ஓர் 'ஆர்' குறைவு. 1996இல் வெளியான எச்டிடிபி (இணையப் பக்கங்களைப் பரிமாறும் விதிமுறை) ஆவணத்திலேயே அப்படி அச்சாகி நிலைத்துவிட்டது. பின்னால் வந்த 'ரெஃபரர் பாலிசி' என்ற தலைப்பில் எழுத்து சரியாக இருக்கிறது. ஆகவே ஒரே பக்கத்தில் இரண்டு விதமாகவும் பார்ப்பீர்கள். இரண்டும் சரி. டிஸ்கைக் கழற்றும் 'யுமவுண்ட்' கட்டளையில் ஓர் 'என்' இல்லை. அதே வேலையை வாக்கியத்தில் வினைச்சொல்லாக எழுதும்போது 'என்' வர வேண்டும். கட்டளையைத் தொடாதீர்கள், வாக்கியத்தைத் திருத்துங்கள். பொதுவாகத் தட்டச்சு எழுத்துரு மாதிரி சம அகலத்தில், சாம்பல் பின்னணியில் வருவது எல்லாம் கட்டளை, பெயர், நிரல் துண்டு. அங்கே பிழை தெரிந்தால் கை வைக்காமல் கேளுங்கள்.

அடுத்தது நம் பள்ளிக்கூட ஆங்கிலம். மலேசியாவில் படித்த நமக்கு எஸ்பிஎம் பள்ளித் தேர்வு வரை பிரிட்டிஷ் எழுத்துமுறைதான். வண்ணம் என்றால் 'யூ' போட்டுத்தான் எழுதுவோம். ஆனால் பெரும்பாலான மென்பொருள் கையேடுகள் அமெரிக்க முறையில் இருக்கும். குபர்நெட்டீஸ் வெளிப்படையாகவே அமெரிக்க எழுத்துமுறை என்று விதி வைத்திருக்கிறது. 'யூ' இல்லாத வண்ணம், 'எஸ்'ஸுக்குப் பதில் 'இஸட்' போட்ட சொற்கள் எல்லாம் பிழை அல்ல. திட்டத்தின் நடை விதி எது என்று முதலில் பாருங்கள். விதி எதுவும் எழுதி வைக்கவில்லை என்றால், இருப்பதை அப்படியே விடுவதுதான் மரியாதை.

மேற்கோள் குறியும் கோடும் இன்னொரு கண்ணிவெடி. அச்சில் வளைந்த மேற்கோள்தான் அழகு, நேர்க்குறி அரைகுறை வேலை. லினக்ஸின் கட்டளை வரியில் இது தலைகீழ். நேர்க்குறி மட்டுமே மேற்கோளாக வேலை செய்யும். வளைந்த குறியோடு யாராவது நகலெடுத்து ஒட்டினால் கட்டளை தப்பாகப் போகும். கட்டளையோடு சேர்க்கும் விருப்பங்களுக்கு (ஆப்ஷன்) முன்னால் வரும் இரட்டைச் சிறுகோட்டை ஒரே நீளக் கோடாக்கினாலும் இதேதான். உங்கள் எழுத்துச் செயலி கேட்காமலே இவற்றை 'அழகாக்கும்'. எனவே கையேட்டுக் கோப்பை அதில் திறக்காதீர்கள். சாதாரண உரைத் திருத்தி போதும். வரிக் கடைசியில் கிடக்கும் வெற்றிடங்களையும் துடைக்காதீர்கள். மார்க்டவுன் என்ற எழுதுமுறையில் வரிக் கடைசியில் இரண்டு வெற்றிடம் என்றால் அங்கே வரியை முறி என்று பொருள்.

தலைப்புகளில் இன்னும் கவனம். பைத்தான் நிரல்மொழி சார்ந்த பல கையேடுகள் ஸ்ஃபிங்ஸ் என்ற கருவியால் கட்டப்படுகின்றன. அதில் தலைப்புக்குக் கீழே சமக்குறிகளையோ சிறுகோடுகளையோ வரிசையாகப் போட்டு அடிக்கோடு இடுவார்கள். அடிக்கோடு தலைப்பின் நீளத்துக்குக் குறையக்கூடாது. 'நேர்ந்தது' என்ற பொருள் தரும் 'அக்கர்ட்' என்ற ஆங்கிலச் சொல்லில் 'ஆர்' இரண்டு. பலரும் ஒன்றுதான் போடுவார்கள். தலைப்பில் அந்தப் பிழை இருந்து, நீங்கள் இன்னோர் 'ஆர்' சேர்த்தால், தலைப்பு ஓர் எழுத்து நீளும். அடிக்கோடு போதவில்லை என்று எச்சரிக்கை வரும். எச்சரிக்கையையும் பிழையாகக் கணக்கிடும் திட்டங்களில் கையேடே கட்டப்படாமல் நின்றுவிடும். அடிக்கோட்டிலும் ஒரு குறி சேர்த்தால் தீர்ந்தது. மேலும் பல கருவிகள் தலைப்பை வைத்துத்தான் அந்தப் பகுதிக்கான இணைப்பு முகவரியை உண்டாக்குகின்றன. தலைப்பின் எழுத்து மாறினால் முகவரி மாறும், வேறு பக்கங்களிலிருந்து அங்கே வரும் இணைப்புகள் அறுந்துபோகும். தலைப்பைத் திருத்தினால் அந்தப் பழைய முகவரியைத் திட்டம் முழுக்கத் தேடிப் பாருங்கள்.

பழைய பதிப்புகளின் மாற்றப் பட்டியலைத் தொடாதீர்கள், அது வரலாறு. வேறொரு திட்டத்திலிருந்து அப்படியே கொண்டுவந்து வைத்திருக்கும் அடைவுகளையும் (ஃபோல்டர்களையும்) தொடாதீர்கள், அங்கே திருத்தினால் அடுத்த புதுப்பிப்பில் அழிந்துவிடும். மூலத் திட்டத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். சில பக்கங்கள் நிரலில் உள்ள குறிப்புகளிலிருந்து தானாகவே உருவாகும். அவற்றிலும் பக்கத்தைத் திருத்திப் பயனில்லை, நிரலுக்குள் இருக்கும் குறிப்பைத் திருத்த வேண்டும். உங்கள் நாற்பது கோப்புகளில் இந்த மூன்று வகையும் கலந்திருக்கும் என்றே நினைக்கிறேன். கருவிக்கு வித்தியாசம் தெரியாது.

மொழிபெயர்ப்பு விஷயம் ஒன்று தமிழர் எல்லோருக்கும் தெரிய வேண்டும். கெட்டெக்ஸ்ட் என்ற மொழிபெயர்ப்பு முறையைப் பயன்படுத்தும் மென்பொருளில், மூல ஆங்கில வாக்கியம்தான் சாவி. அதற்கு எதிரே தமிழ், மலாய், மற்ற மொழிகள் எல்லாம் இருக்கும். ஆங்கிலத்தில் ஓர் எழுத்தைத் திருத்தினால் சாவி மாறிவிடும். ஏற்கெனவே செய்துவைத்த மொழிபெயர்ப்புகள் எல்லாம் 'ஃபஸி', அதாவது மறுபடி பார்க்க வேண்டியவை, என்று குறிக்கப்பட்டு ஒதுங்கிவிடும். ஒவ்வொரு மொழிக்காரரும் மறுபடி பார்த்து உறுதிசெய்யும்வரை திரையில் அந்த வரி ஆங்கிலத்தில்தான் தெரியும். தமிழுக்கு எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்? அந்த வரி மாதக்கணக்கில் அப்படியே கிடக்கலாம். லினக்ஸின் திரைமுகப்பான க்னோம் போன்ற திட்டங்கள் புதிய பதிப்புக்குச் சில வாரம் முன்பு இப்படிப்பட்ட வாக்கியங்களை மாற்றத் தடை போடுவது இதனால்தான். அதற்காக ஆங்கிலப் பிழையை விட்டுவிடுங்கள் என்று சொல்லவில்லை. இது வெறும் எழுத்துத் திருத்தம், பொருள் மாறவில்லை என்று குறிப்பில் ஒரு வரி எழுதுங்கள். மொழிபெயர்ப்பாளர்கள் கண்ணை மூடிக்கொண்டு உறுதிசெய்யலாம். தடைக்காலத்தில் மட்டும் அனுப்பாதீர்கள்.

அனுப்பும் முறையில் பெரிதாக ஒன்றும் இல்லை. திட்டத்தின் அடைவில் 'கான்ட்ரிபியூட்டிங்' என்று ஒரு கோப்பு பெரும்பாலும் இருக்கும், முதலில் அதைப் படியுங்கள். எங்கே அனுப்புவது என்பதும் திட்டத்துக்குத் திட்டம் மாறும். லினக்ஸ் கெர்னல், போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருள் இரண்டும், திட்டங்களின் கோப்புகளை வைக்கும் கிட்ஹப் தளத்தில் தெரிந்தாலும் அங்கே இருப்பது பிரதிதான். புல் ரிக்வெஸ்ட் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், ஈமெயில் வழியாகத்தான் போக வேண்டும். உங்களுக்குத் தொடக்கம் கிட்ஹப்பில் இருக்கும் ஒரு சிறிய திட்டமாக இருக்கட்டும். பக்கத்துக்கு மேலே இருக்கும் பென்சில் படத்தை அழுத்தினால் உலாவியிலேயே திருத்தி அனுப்பலாம், அண்ணன் மகன் தேவையில்லை.

அனுப்புமுன் ஒன்றை மறக்காமல் பாருங்கள். உங்கள் மடிக்கணினியில் இருப்பது பழைய பதிப்பின் கையேடாக இருக்கலாம். டெபியன் என்ற லினக்ஸ் வகையின் நிலைப் பதிப்பு ஏறக்குறைய இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் வருகிறது. நீங்கள் கண்ட பிழையை யாராவது எப்போதோ திருத்தியிருப்பார்கள். மூலத்தின் இன்றைய நிலையைத் திறந்து, பிழை அங்கேயும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். அப்புறம், எழுத்துத் திருத்தத்தையும் வாக்கிய மாற்றத்தையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். 'இந்த வாக்கியம் இப்படி இருந்தால் நன்றாக இருக்குமே' என்று தோன்றும். அது தனி விஷயம், தனியாக அனுப்ப வேண்டும். எழுத்துத் திருத்தத்தைப் பார்த்த உடனே ஏற்கலாம், வாக்கிய மாற்றத்துக்கு யோசனையும் விவாதமும் வேண்டும். ஒரே கட்டில் வந்தால் இரண்டும் நின்றுவிடும். பக்கத்தை ஏஐ செயலியிடம் கொடுத்துத் திருத்தி வாங்குவதும் இதே காரணத்தால் ஆகாது. கேட்காத வாக்கியங்களையும் அது மாற்றிவைக்கும்.

'நவ்', 'நாட்' போன்ற இடத்தில் என்ன செய்வது? அச்சகத்தில் என்ன செய்வீர்களோ அதேதான். பொருள் சந்தேகமாக இருந்தால் நீங்களாக மாற்றாமல் ஓரத்தில் கேள்விக்குறி போட்டு எழுதியவருக்குத் திருப்புவீர்கள் அல்லவா? இங்கே அதற்கு 'இஷ்யூ', அதாவது திட்டத்தின் பக்கத்தில் ஒரு கேள்விப் பதிவு, திறக்க வேண்டும். 'இந்தப் பக்கத்தில் வசதி இல்லை என்கிறீர்கள், மூன்று பத்தி தள்ளி அதைப் பயன்படுத்தச் சொல்கிறீர்கள், எது சரி?' என்று கேட்டால் போதும். இப்படி ஒரு கேள்வி வந்தால் நான் கையில் இருக்கும் வேலையை வைத்துவிட்டு அதைப் பார்ப்பேன். நூறு காற்புள்ளித் திருத்தத்தைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

அண்ணன் மகன் ஓட்டியது அநேகமாக கோட்ஸ்பெல் என்ற கருவியாக இருக்கும். அதைக் குறை சொல்ல மாட்டேன், நானும் பயன்படுத்துகிறேன். சரியான சொற்களின் அகராதியை வைத்துக்கொண்டு அது வேலை செய்வதில்லை. வழக்கமாக நேரும் பிழைகளின் பட்டியலை வைத்துத் தேடுகிறது. அதனால் புதுவிதப் பிழை அதன் கண்ணுக்குத் தப்பும், யாருடைய பெயரோ சுருக்கமோ அந்தப் பட்டியலில் இருக்கும் ஒன்றைப்போல் இருந்தால் மாட்டும். திருத்தி எழுதச் சொல்லும் விருப்பத்தைச் சேர்க்காமல் ஓட்டினால், சந்தேகமானவற்றைப் பட்டியலாக மட்டும் கொடுக்கும். அந்தப் பட்டியலை அவன் எடுத்துக் கொடுக்கட்டும். முடிவு நீங்கள் செய்யுங்கள்.

நிரல் பக்கமே போக வேண்டாம், ஆனால் பெரிய வேலையாகச் செய்ய வேண்டும் என்றால் லிப்ரெஆபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளின் கையேட்டுக் குழுவைப் பாருங்கள். அவர்களுடைய வழிகாட்டி நூல்கள் அதன் எழுத்துச் செயலியான ரைட்டரின் கோப்புகளாகவே, அத்தியாயம் அத்தியாயமாக எழுதிச் சரிபார்க்கப்படுகின்றன. உங்கள் கைக்குப் பழகிய வேலை அது.

தமிழ்ப் பக்கங்களிலும் தாராளமாகச் செய்யலாம். செய்யவும் வேண்டும், ஆள் குறைவு. லிப்ரெஆபிஸ் வெப்லேட் என்ற தளத்தில் மொழிபெயர்க்கப்படுகிறது, ஃபயர்ஃபாக்ஸ் உலாவி பான்டூன் என்ற தளத்தில். இரண்டும் உலாவியிலேயே நடக்கும். புதியவர்கள் போடுவது பான்டூனில் பரிந்துரையாகத்தான் நிற்கும், அனுபவப்பட்டவர் பார்த்து ஏற்பார். தமிழில் ஒற்று, லகர ளகரம் எல்லாம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கண்ணுக்குத் தெரியாத பிழைகள்தான் தொல்லை. 'ஔ' என்பதை ஒரே எழுத்தாகத் தட்டாமல் 'ஒ'வையும் 'ள'வையும் அடுத்தடுத்துத் தட்டியிருப்பார்கள். துணைக்கால் வர வேண்டிய இடத்தில் 'ர' இருக்கும். சில எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், ஆனால் தேடினால் அகப்படாது. சந்தேகமான சொல்லை நீங்களே புதிதாகத் தட்டி, பக்கத்தில் தேடிப் பாருங்கள். அகப்படவில்லை என்றால் உள்ளே எழுத்து மாறியிருக்கிறது. வாக்கிய நடுவில் சதவீதக் குறியோடும் அடைப்புக்குறியோடும் வரும் துண்டுகளில் மென்பொருள் பிறகு எண்ணையோ பெயரையோ நிரப்பும். அவற்றை ஓர் எழுத்தும் மாற்றக்கூடாது. இன்னொன்று, தமிழ் மொழிபெயர்ப்பு பெரும்பாலும் தமிழ்நாடு, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லோருக்கும் ஒன்றுதான். நாம் எழுதும் முறைக்கு மாறாக யாழ்ப்பாணத்துக்காரரோ சென்னைக்காரரோ எழுதியிருந்தால் அதைப் பிழைக் கணக்கில் சேர்க்காதீர்கள். மாற்றத் தோன்றினால் குழுவில் பேசிவிட்டு மாற்றுங்கள்.

கடைசியாகப் பெயரும் ஈமெயிலும். பெயர் தெரியாதவர்களின் பங்களிப்பை லினக்ஸ் கெர்னல் ஏற்பதில்லை. 2004 முதல், 'இதை அனுப்பும் உரிமை எனக்கு உண்டு' என்று ஒவ்வொரு திருத்தத்தின் அடியிலும் பெயர், ஈமெயிலோடு ஒப்பமிடும் முறை அங்கே இருக்கிறது. வேறு பல திட்டங்களும் அதைப் பின்பற்றுகின்றன. குபர்நெட்டீஸில் இணையத்தில் ஓர் ஒப்பந்தத்துக்குச் சம்மதம் தெரிவிக்க வேண்டும். சிறிய திட்டங்கள் பலவற்றில் இது எதுவும் இல்லை, புனைபெயரே போதும். ஆனால் ஈமெயில் விஷயத்தில் உங்கள் பயம் நியாயமானது. கமிட்டில், அதாவது நீங்கள் செய்யும் மாற்றத்தின் பதிவில், சேரும் முகவரி உலகத்துக்கே தெரியும். எல்லோருடைய பிரதியிலும் போய்ச் சேர்ந்துவிடுவதால் பின்னால் முழுவதும் அழிக்க முடியாது. கிட்ஹப் அமைப்புகளில் ஈமெயில் பகுதிக்குப் போய், முகவரியை மறைக்கும் தேர்வை இயக்கிவிடுங்கள். இணையத்தில் நீங்கள் செய்யும் கமிட்டுகளில் உங்கள் முகவரிக்குப் பதிலாக கிட்ஹப் தரும் மாற்று முகவரி பதியும். அண்ணன் மகன் தன் கணினியிலிருந்து கிட் என்ற கருவி வழியாக அனுப்பினால், அங்கேயும் அந்த மாற்று முகவரியைத்தான் அமைக்க வேண்டும். போன முறை எந்த முகவரி போனது என்று அவனிடமே கேட்டுப் பாருங்கள்.